அடைகாப்பவர் யார்?

(சற்று நீண்ட பதிவு. என் ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. ஆனால் களப்பணியின்போது கண்டது. புறக்கடைப் பொருளாதாரம், பெண்களின் உழைப்பு ஆகியவற்றில் ஆர்வமுள்ளோர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

பொரித்த கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். நான்காம் ஐந்தாம் வாரங்களில் பஞ்சு போன்ற தூவி உதிர்ந்து முறையான இறகு மூடியபிறகு, குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். அதுவரை அந்தச் சூட்டை வேறு யாரேனும் தந்தாக வேண்டும். அந்த ‘வேறு யாரேனும்’ யார் என்பதே இப்பதிவின் கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். எண்ணிக்கையைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினப் பறவைகள் 85 கோடிக்கும் மேல். அவற்றுள் புறக்கடைப் பறவைகள் 31.7 கோடி. முந்தைய 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் புறக்கடைப் பறவைகள் ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகியுள்ளன. வணிகப் பண்ணைப் பறவைகளின் வளர்ச்சியோ 4.5 விழுக்காடுதான். அசாமில் மட்டும் 4.67 கோடிக் கோழியினப் பறவைகள். வீட்டு முற்றத்தில் கோழி வளர்ப்பது பழங்கால எச்சம் என்று நினைப்போருக்கு இந்த எண்கள் வேறு கதையைச் சொல்கின்றன. அந்த முற்றங்களில் பெரும்பாலும் வேலை பார்ப்பவர்கள் பெண்கள்.

பிரம்மபுத்திராவின் வடகரையில், தேஜ்பூருக்கு அருகே ஒரு சிற்றூரில், களப்பணிக்காக வாடகை அறையில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரரை ‘பைதேவ்’ என்று அழைப்பேன். அசாமிய மொழியில் ‘அக்கா’ என்பதன் மரியாதை வடிவம். அவர் என்னை ‘மாஜனி’ என்பார். இளைய பெண்களைப் பிரியத்தோடு விளிக்கும் சொல். கணவரை இழந்தவர். சிறிது நெல்வயல், ஒரு தறி, பாக்கு மரங்கள், முற்றம் நிறையக் கோழிகள். வயல் சோற்றுக்கு. தறி துணிக்கு. கையில் காசாகப் புழங்குவது கோழிப் பணம்தான். மகளின் செவிலியர் படிப்புக்கான விடுதிக் கட்டணம் அதிலிருந்தே போனது.

அந்த வசந்தத்தில் அவர் முற்றத்தில் இரு வகைக் குஞ்சுகள் இருந்தன. ஒன்று, உள்ளூர்க் கோழி ஒன்று களஞ்சியத்தின் அடியில் தானே அடைகிடந்து பொரித்த ஒன்பது குஞ்சுகள். மற்றொன்று, வாரச் சந்தையில் அட்டைப்பெட்டியோடு வாங்கி வந்த இருபத்துநான்கு ஒருநாள் குஞ்சுகள். வனராஜா என்று சொல்லி விற்கப்பட்டவை. முதல் வகைக்குத் தாய் உண்டு. இரண்டாம் வகைக்கு ஓர் அட்டை வளையம், அதனுள் மூன்று விரற்கடை உமி, உமியின் மேல் செய்தித்தாள், மேலே தொங்கும் இரண்டு 60 வாட் குண்டு பல்புகள்.

வளையம் எதற்கு என்று கேட்டேன். மூலை இருந்தால் குஞ்சுகள் குளிரில் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும் என்றார். பல்பை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்பதற்கும் அவரிடம் வெப்பமானி கிடையாது. குஞ்சுகள் பல்புக்கு நேர்கீழே குவிந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை. வளையத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி வாய் திறந்து இளைத்தால் சூடு மிகுதி. பரவலாகத் திரிந்து, தின்று, ஆங்காங்கே கிடந்து உறங்கினால் சரி. கால்நடை அறிவியல் நூல்களும் இதே மூன்று படங்களைத்தான் வரைந்து காட்டுகின்றன.

அந்தக் குண்டு பல்புகளைத் தேடிப் பிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. மின்சாரச் சிக்கனத்துக்கு அது நல்ல செய்தி. ஆனால் குண்டு பல்பின் ‘வீண்’ என்று கணக்கிடப்பட்ட சூடுதான் குஞ்சுக்குத் தேவைப்பட்ட பொருள். எல்.இ.டி. வெளிச்சத்தில் குஞ்சு இரை பொறுக்கலாம்; பிழைத்திருக்க முடியாது.

சந்தைக் குஞ்சுகளுக்கு ஏன் தாய் இல்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். கோழி அடைகிடப்பது மூளையின் அடிப்புறமுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்னும் இயக்குநீரோடு தொடர்புடையது. அது மிகும்போது முட்டையிடுவது நிற்கிறது. கோழி கூட்டைவிட்டு எழ மறுக்கிறது. வயிற்றின் அடிப்புறத்தில் இறகு உதிர்ந்து தோல் வெளிப்பட்டு, முட்டைக்கு நேரடியாகச் சூடு கிடைக்கிறது. 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு ஏறத்தாழ இரண்டு மாதம். அத்தனை நாளும் முட்டை இல்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது அறுபது முட்டையோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். முட்டையைப் பெருக்க நினைத்த இனவிருத்தியாளர்களின் பார்வையில் அடைக்குணம் ஓர் இழப்பு. எனவே தலைமுறை தலைமுறையாக அடைகிடக்காத கோழிகளையே தேர்ந்து பெருக்கினார்கள். வெள்ளை லெகார்ன் இதன் முழுமையான விளைவு. ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கிய வனராஜா, நிறத்திலும் நடையிலும் நாட்டுக்கோழியை ஒத்திருக்கும். முற்றத்தில் அலைந்து திரிந்து ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு முட்டையிடும். ஆனால் அடைக்கு உட்காராது.

இக்குணம் அடியோடு அழிந்துவிடுவதுமில்லை. வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் அடையும் மாறுபாடுகள் குறித்து டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு: அடைகாக்காத இரு கோழியினங்களைக் கலந்தால், பிறக்கும் கலப்பினம் மீண்டும் நன்றாக அடைகாக்கிறது. மறந்துபோனது போலக் கிடந்த குணம் கலப்பில் எழுந்து வருகிறது. ஆயினும் சந்தைப் பெட்டியில் வரும் குஞ்சுக்கு இதனால் பயனில்லை. அதன் தாய் எங்கோ ஒரு பண்ணையில். அதைப் பொரித்தது இயந்திரம்.

இனி, காற்றைப் பற்றி.

தமிழகத்தில் சித்திரை என்றால் வெயில், இடையிடையே கோடைமழை. அசாமில் மார்ச் முதல் மே வரை புயற்காலம். கடற்புயல் அன்று, இடிப்புயல். வங்காளத்தில் அதற்குக் ‘கால்வைசாகி’ என்று பெயர். வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக உள்ளே வருகிறது. மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று படர்ந்து அதை மூடிபோல அழுத்திவைக்கிறது. வெயிலாலோ மலையின் தூண்டலாலோ மூடி உடையும்போது, அடைபட்டிருந்த ஈரம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து மேகமாகிக் கொட்டுகிறது. மழைத்துளி ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதிப் பரவும். அதுவே முதலில் வந்து வீட்டை அறையும் காற்று. சில நிமிடங்களில் வெப்பநிலை எட்டு, பத்து டிகிரி சரியும். பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் இது பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ நிகழ்கிறது. இரவில் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று பள்ளத்தாக்கின் ஈரக்காற்றைச் சந்திப்பது இதற்கு ஒரு காரணம். அசாமின் ஆண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பருவமழைக்கு முந்தைய இந்த மாதங்களில் பெய்கிறது.

அசாமிய மக்கள் இக்காற்றுக்குப் ‘பொர்தொய்சிலா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போடோ மொழியில் காற்று, நீர், கன்னி என்னும் மூன்று சொற்கள் சேர்ந்த பெயர். திருமணமாகிச் சென்ற பெண், போகாக் பிஹுவை ஒட்டித் தாய்வீட்டுக்கு ஓடிவருகிறாள். அந்த அவசரத்தில் மரங்கள் சாய்கின்றன, கூரைகள் பறக்கின்றன என்பது கதை. அவள் சற்று அமர்ந்து தலைவாரிக்கொள்ளட்டும் என்று முற்றத்தில் ஒரு பலகையும் கண்ணாடியும் சீப்பும் வைக்கும் வழக்கம் உண்டு. தாயைப் பார்க்கும் தவிப்பு கூரையைப் பிய்க்கும் என்று எண்ணிய கற்பனை அது.

ஏப்ரல் நடுவில் அவள் வந்தாள். சந்தைக் குஞ்சுகளுக்கு அன்று ஆறு நாள் வயது. நள்ளிரவு தாண்டியதும் தகரக் கூரையில் முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. பேசினால் கேட்காத அளவுக்கு இரைச்சல். மின்சாரம் போயிற்று. பாக்கு மரம் ஒன்று கம்பிமேல் விழுந்திருந்ததை மறுநாள்தான் கண்டோம். மின்சாரம் திரும்பியது மூன்றாம் நாள் மாலை.

பைதேவ் டார்ச்சோடு எழுந்து வந்தபோது குஞ்சுகள் அணைந்த பல்பின் கீழே ஒரே உருண்டையாகத் திரண்டிருந்தன. “இதுகளுக்கு அம்மா இல்லை, மாஜனி. கரண்ட்தான் அம்மா. இப்போ அதுவும் போயிருச்சு” என்றார். குரலில் வருத்தமில்லை, செய்ய வேண்டியதைக் கணக்கிடும் குரல்.

பிறகு அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பஞ்சாரம் போன்ற மூங்கில் கூடை ஒன்றை எடுத்து உமி பரப்பினார். குஞ்சுகளைக் கைகளால் அள்ளி மாற்றினார். அடியில் நசுங்கிக் கிடந்த இரண்டைத் தனியே எடுத்துத் தம் மேகலாவின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். விறகடுப்பை மூட்டி வெந்நீர் காய்ச்சி, நான்கு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, காமோசா துண்டில் சுற்றிக் கூடைக்குள் நிறுத்தினார். கூடையின் மேல் பழைய கம்பளியைப் போர்த்து, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்துவிட்டார். நெருப்புச்சட்டியை அறைக்குள் வைத்தாலென்ன என்றேன். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், நம்மையும் கொல்லும் என்று மறுத்தார். புட்டிகள் ஒன்றரை மணிநேரத்தில் ஆறும். மீண்டும் அடுப்பு, மீண்டும் நீர். இருவரும் முறைவைத்து விழித்திருந்தோம். குஞ்சுகள் நெருக்கும்போதெல்லாம் கைவிட்டுக் கலைக்க வேண்டும். இல்லையேல் அடியில் உள்ளவை போய்விடும். விடியும்வரை அவர் கை கூடைக்குள்ளேயே இருந்தது.

மடியில் வைத்தவற்றில் ஒன்று பிழைத்தது. ஒன்று விடிவதற்குள் இறந்தது. அடுத்த இரவு மேலும் ஒன்று. மூன்று நாள் அவர் தறியில் உட்காரவில்லை.

களஞ்சியத்தின் அடியில் இருந்த உள்ளூர்க் கோழி என்ன செய்தது? காற்று எழுமுன்பே குஞ்சுகளைக் கூப்பிட்டு இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. அதன் உடற்சூடு ஏறத்தாழ 41 டிகிரி. அதற்கு மின்கம்பி வேண்டியதில்லை. காலையில் ஒன்பது குஞ்சுகளும் ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

இதிலிருந்து ‘நாட்டுக்கோழியே சிறந்தது’ என்ற முடிவுக்குப் பாய்வது எளிது. பைதேவ் அப்படிப் பாயவில்லை. அதே ஒன்பதில் இரண்டைக் கீரியும் ஒன்றைப் பருந்தும் அடுத்த மாதத்துக்குள் கொண்டுபோயின. அந்தக் கோழியின் ஆண்டு முட்டைகளை வைத்து விடுதிக் கட்டணம் கட்ட இயலாது. அவருக்கு வனராஜாவின் எடையும் முட்டையும் வேண்டும். உள்ளூர்க் கோழியின் இறக்கையும் வேண்டும். எனவே அவரிடம் ஒரு வழிமுறை இருந்தது. கோழி பொரித்த ஓரிரு நாளுக்குள் சந்தைக் குஞ்சு கிடைத்தால், இருட்டியபின் சிலவற்றை ஓசையின்றி அதன் இறக்கைக்கடியில் செருகிவிடுவார். விடிந்ததும் கோழி அவற்றைத் தன்னுடையதாக ஏற்கும். ஆனால் நாள் ஒத்துவர வேண்டும். ஒரு கோழியின் இறக்கைக்குள் பன்னிரண்டு பதினைந்துக்கு மேல் அடங்காது. அந்த முறை நாள் ஒத்துவரவில்லை.

புயல் இன்னொன்றையும் குலைத்தது. இராணிக்கெட் நோய் என்று நாம் அழைக்கும் கொள்ளைநோய்க்கு ஐந்து முதல் ஏழு நாளுக்குள் லசோட்டா சொட்டுமருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். அம்மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். கரைத்தபின் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆக, மின்சாரம் போன அவ்வாரத்தில் குஞ்சுக்கு வேண்டிய சூடும் இல்லை, மருந்துக்கு வேண்டிய குளிரும் இல்லை. ஒரு புட்டியில் நூறு, இருநூறு குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும் என்பதால் நான்கைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தே வாங்குவார்கள். பைதேவ் ஈரச்சாலையில் நடந்து, பக்கத்து ஊரில் பனிக்கட்டி வாங்கி, தெர்மாஸ் குடுவையில் மருந்தைக் கொண்டுவந்தார். அன்று மாலைக்குள் ஐந்து வீடுகளின் குஞ்சுகளுக்கும் சொட்டு விட்டாயிற்று.

எட்டாம் வாரத்தில் இருபத்துநான்கில் பத்தொன்பது உயிரோடிருந்தன. கட்டணம் கட்டப்பட்டது.

இனி என் வாதம். அடைகாத்தல் என்பது ஒரு வேலை. கோழியின் உடலிலிருந்து அந்த வேலையை இனவிருத்தி நீக்கிவிட்டது. ஆனால் குஞ்சுக்கு அதன் தேவை நீங்கவில்லை. பண்ணையில் அவ்வேலை மின்சாரத்துக்குப் போயிற்று. முற்றத்தில் மின்சாரத்துக்கும், மின்சாரம் போன இரவில் ஒரு பெண்ணின் கைக்கும் போயிற்று. முட்டை ஐம்பதிலிருந்து நூறாக உயர்ந்ததைப் பதிவு செய்யும் எந்த அட்டவணையிலும் இந்த இடமாற்றத்துக்கு ஒரு பத்தி இல்லை.

நம் மொழிகள் இதை அறிந்தே வைத்திருக்கின்றன. தமிழில் ‘அடைகாத்தல்’ என்கிறோம். சொல்லுக்குள்ளேயே காவல் இருக்கிறது. அசாமிய மொழியில் அடைக்குரிய சொல் ‘உம்’ என்பதிலிருந்து வருகிறது. இதமான சூடு என்று பொருள். அரசுத் திட்டமொழியும் அறியாமலே அறிந்திருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குக் கோழி வழங்கிய ஒன்றிய அரசின் ஊரகப் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில், குஞ்சுகளை நான்கு வாரம்வரை வளர்த்துக் கொடுத்த இடத்துக்கு ‘மதர் யூனிட்’, அதாவது தாய் அலகு, என்றே பெயர் இருந்தது. தாய் இல்லாத இடத்தை எவரேனும் நிரப்ப வேண்டும் என்பதை உணர்ந்த நல்ல ஏற்பாடு அது. அந்த நான்கு வாரம் எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் சந்தையில் நான்கு வாரக் குஞ்சின் விலை ஒருநாள் குஞ்சைவிட இருமடங்குக்கும் மேல். பைதேவைப் போன்றவர்கள் ஒருநாள் குஞ்சையே வாங்குகிறார்கள். இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் தீவனச் செலவைக் கழித்தால் எஞ்சுவது என்ன? சூடு, விழிப்பு, இழப்பின் அபாயம். அடைகாக்கும் உழைப்புக்குச் சந்தை விலையிடும் ஒரே இடம் அதுதான். அந்த வேறுபாட்டை மிச்சப்படுத்த அவர் தம் இரவுகளைக் கொடுக்கிறார். அவர் விவரமறியாமல் செய்யும் தேர்வு என்று இதைக் கருத வேண்டாம். கையில் இருக்கும் பணத்தையும் கையில் இருக்கும் இரவுகளையும் எடைபோட்டே முடிவெடுக்கிறார்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டியது. நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் எண்கள் இவை. அந்த ஆய்வு காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரையிலான ஒரு நாளை அரைமணிநேரக் கூறுகளாகப் பிரித்துக் கேட்டது. மிகப் பயனுள்ள கருவி, நானும் பயன்படுத்துகிறேன். எனினும், ஆண்டில் சில இரவுகளே வரும் புயலின் விழிப்பு அந்த ஒரு நாளுக்குள் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும், கூடைக்குள் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த நேரத்தை உறக்கம் என்பதா, ஓய்வு என்பதா, உற்பத்தி என்பதா? மறுநாள் யாரேனும் கேட்டிருந்தால் பைதேவே “சரியாகத் தூங்கவில்லை” என்று மட்டும் சொல்லியிருப்பார்.

கால்நடை, ஊரக வளர்ச்சி, பாலினம் ஆகிய துறைகளில் வினாநிரல் தயாரிக்கும் நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். எத்தனை குஞ்சு வழங்கப்பட்டது என்பதோடு, எட்டாம் வாரத்தில் எத்தனை எஞ்சின என்றும் கேளுங்கள். மின்தடை நாள்களையும் புயல் நாள்களையும் அந்த எட்டு வாரத்தின்மேல் பொருத்திப் பாருங்கள். வடகிழக்கில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒருநாள் குஞ்சுகளை விற்பதும் வழங்குவதும் எவ்வளவு பொருத்தம் என்பது அதில் தெரியவரும். மூன்றாவதாக, கடைசியாக அடித்த புயலிரவில் அந்த வீட்டில் யார் விழித்திருந்தார்கள் என்று ஒரே ஒரு வரி சேருங்கள்.

அசாமின் மிரி, தாவோதிகிர் போன்ற பதிவுபெற்ற உள்ளூர் இனங்களின் அடைக்குணத்தை இழப்பாக அன்றி ஒரு வளமாக மதித்து நடந்த ஆய்வுகளை யாரேனும் அறிந்திருந்தால் கருத்துப் பகுதியில் தெரிவிக்கவும். தமிழகத்திலோ பிற மாநிலங்களிலோ சந்தைக் குஞ்சை நாட்டுக்கோழியின் அடியில் செருகி வளர்க்கும் பழக்கம் உங்கள் வீடுகளில் இருந்திருந்தால், அதைச் செய்தவர் யார், எந்த மாதத்தில், எத்தனை குஞ்சு என்பதையும் எழுதுங்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.